தொண்டரை ஆக்கிய தொண்டர்

(பங்குனித் திருவாதிரை நாளில், கணநாத நாயனார் குருபூசையை ஒட்டி ஆலய மடத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

திருச்சிற்றம்பலம்.





பூசை முடிந்து மடத்துக்கு வரும் வழியில் நாலைந்து பேரிடம் "இன்றைக்கு யாருடைய குருபூசை?" என்று கேட்டுப் பார்த்தேன். ஒருவர் சம்பந்தர் என்றார். இன்னொருவர், "ஐயா, உங்களுக்குத்தானே தெரிய வேணும்" என்று சிரித்தார். அது அவர்கள் பிழையன்று. கண்ணப்பரைத் தெரியாத சைவப் பிள்ளை இல்லை. சிறுத்தொண்டர் கதையைக் கேட்டுக் கண்கலங்காத தாய் இல்லை. ஆனால் கணநாத நாயனாரின் வரலாற்றில் கண்ணைத் தோண்டுவதும் இல்லை, பிள்ளையை அரிவதும் இல்லை. சேக்கிழார் பெருமான் ஒரு சில பாடல்களிலே அவர் புராணத்தை முடித்துவிடுகிறார். புராணபடனம் நடக்கின்ற கோயில்களிலே கூட அவருடைய பகுதி வரும்போது ஒரு சாமத்துக்குள் வாசித்துப் பயன் சொல்லி அடுத்த புராணத்துக்குப் போய்விடுவோம். நானும் பல வருடம் அப்படித்தான் போயிருக்கிறேன்.

அந்தச் சில பாடல்களிலே என்ன இருக்கிறது? சீர்காழியிலே அந்தணர் குலத்திலே தோன்றியவர் கணநாதர். திருத்தோணியப்பருக்குத் தொண்டு செய்தவர். ஞானசம்பந்தப் பெருமானுடைய திருவடியை நாள்தோறும் முப்பொழுதும் வழிபட்டவர். இவை பல நாயன்மார்க்கும் பொதுவானவை. அவருக்கே உரிய சிறப்பு வேறு. தம்மிடம் வந்து சேர்ந்தவர்களையெல்லாம் கோயிற் தொண்டிலே பழக்கிவிட்டவர் அவர். சேக்கிழார் அந்தத் தொண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறார். நந்தவனம் அமைப்போர், பூக்கொய்வோர், மாலை கட்டுவோர், திருமஞ்சனத்துக்கு நீர் கொண்டு வருவோர், இரவும் பகலும் கூட்டி மெழுகுவோர், விளக்கு எரிப்போர், திருமுறைகளை ஏட்டில் எழுதுவோர், அவற்றை வாசிப்போர். இப்படி ஒவ்வொரு பணியிலும் வந்தடைந்தவர்களுக்கு, அந்தப் பணி துலங்குவதற்கு வேண்டிய குறைகளையெல்லாம் முடித்துக் கொடுத்து, அவர்களைத் தொண்டர்களாக ஆக்கினார் என்கிறார்.

ஆக்கினார் என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். முருக நாயனார் திருப்புகலூரிலே பூத்தொண்டு செய்தார். நமிநந்தியடிகளும் கணம்புல்லரும் விளக்கெரித்தார்கள். குங்குலியக் கலயர் தூபமிட்டார். இவர்கள் எல்லாரும் தாம் தாம் ஒரு தொண்டைச் செய்தவர்கள். கணநாதரோ தொண்டு செய்பவர்களை உண்டாக்குவதையே தம் தொண்டாகக் கொண்டவர். அறுபத்துமூவருக்குள்ளே இப்படி ஒருவரை வைத்திருக்கிறது எங்கள் சமயம். அவருக்குக் கிடைத்த பேறும் அதற்கேற்றதுதான். திருக்கயிலையிலே சிவகணங்களுக்குத் தலைவராகும் பேறு பெற்றார். பூலோகத்தில் ஆட்களைச் சேர்த்துப் பழக்கியவருக்கு அங்கேயும் அதே வேலையைக் கொடுத்துவிட்டார் பெருமான்.

இந்த நாயனாரை இன்று நான் பிடித்துக்கொண்டு வந்ததற்குக் காரணம் உண்டு. கொடியேற்றம் நெருங்கினால் சபைக் கூட்டங்களிலே தவறாமல் கேட்கும் வார்த்தை ஒன்று இருக்கிறது. "தொண்டு செய்ய ஆக்கள் இல்லை." காரைநகரிலே எந்தக் கோயிலின் கூட்டத்துக்குப் போனாலும் இதைக் கேட்கலாம். இப்போது சமைக்கக் கூலி, பந்தல் போடக் கூலி, வீதி கூட்டக் கூலி. மாலைகூடப் பட்டணத்திலிருந்து கட்டி வருகிறது. காசு இருக்கிறது. கனடாவிலும் இலண்டனிலும் சுவிசிலும் இருக்கின்ற எங்கள் பிள்ளைகள் அனுப்புகிறார்கள். கொழும்பிலும் மற்ற ஊர்களிலும் கடை வைத்திருந்த எங்கள் முன்னோர் அனுப்பியதைப்போல. அவர்களுடைய பக்தியை ஒருவரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இலண்டனில் இருந்துகொண்டு இந்த வீதியைக் கூட்ட முடியாது. பந்தியிலே ஒரு கிழவிக்குப் பக்கத்தில் குனிந்து, "ஆச்சி, இன்னும் கொஞ்சம் சாம்பார் விடட்டோ?" என்று கேட்க முடியாது.

ஆட்கள் குறைந்ததற்கு ஊரின் கதையும் ஒரு காரணம். 1991ஆம் ஆண்டு இந்தத் தீவை விட்டு மொத்தமாகப் புறப்பட்டோம். கோயில்கள் விளக்கில்லாமல் கிடந்தன. 1996இன் பின் திரும்பி வந்தவர்கள் வீட்டுக் கூரையைப் போடுவதற்கு முன்னே கோயில் வீதியில் வளர்ந்திருந்த பற்றைகளை வெட்டினார்கள். அன்றைக்கு யாரும் கூட்டம் கூட்டித் தொண்டர் கேட்கவில்லை. கத்தியும் மண்வெட்டியும் வைத்திருந்த எல்லாரும் வந்தார்கள். அப்படி வந்தவர்களில் நடுத்தர வயதில் இருந்தவர்கள் இன்று முதியவர்கள். திரும்பி வராதவர்களுடைய வீடுகள் பல இன்னும் பூட்டிக் கிடக்கின்றன. இதெல்லாம் உண்மை. இருந்தாலும் இந்த உண்மைக்குப் பின்னாலே நாங்கள் ஒளிந்துகொள்கிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இருக்கின்ற ஆட்களையாவது நாங்கள் சரியாகக் கேட்டோமா? கேட்டு வந்தவர்களை என்ன செய்தோம்?

நாங்கள் கேட்கும் விதத்தைப் பாருங்கள். ஒலிபெருக்கியிலே, "அடியார்கள் அனைவரும் சரீரத் தொண்டு செய்ய முன்வருமாறு அன்புடன் அழைக்கின்றோம்." துண்டுப் பிரசுரத்திலே கடைசி வரியிலும் அதேதான். இப்போது வாட்ஸ்அப்பிலும் போடுகிறோம். நூறு பேர் கைகூப்பிய படத்தைத் திருப்பி அனுப்புகிறார்கள், அடுத்த நாள் காலையில் வருபவர்கள் வழக்கமான அந்த ஆறு பேர்தான். அனைவரையும் அழைப்பதென்றால் ஒருவரையும் அழைக்காததற்குச் சமம். அனைவரும் என்றால் அதில் நான் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறார் என்றுதான் மனித மனம் எண்ணும்.

மதுரையிலே வைகை பெருகியபோது பாண்டியன் கேட்ட விதமும் இதுதான். வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும், அவரவர் பங்குக் கரையை அடைக்கவேண்டும் என்று முரசறைந்தான். அது அரச கட்டளை, தப்ப முடியாது. எல்லாரும் வந்தார்கள், அடைத்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவருடைய பெயராவது எங்களுக்குத் தெரியுமா? செம்மனச்செல்வி என்றும் வந்தி என்றும் சொல்லப்படும் அந்தப் பிட்டு விற்கும் கிழவிக்கு மட்டும் அனுப்ப ஆளில்லை. அவள் இறைவனிடம் முறையிட்டாள். சுந்தரேசப் பெருமான் கூலியாளாக வந்து நின்றான். அவள் அவனோடு பேசியதை நினைத்துப் பாருங்கள். என்னுடைய பங்கு இவ்வளவு, என்னிடம் காசில்லை, உதிர்ந்த பிட்டைத் தருவேன், சம்மதமோ என்று ஒளிவுமறைவில்லாமற் சொன்னாள். தன்னிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை, அவன் என்ன செய்ய வேண்டும், எல்லாம் முதலே சொல்லிவிட்டாள். அரசனுடைய முரசுக்கு வராத பெருமான் அந்தக் கிழவியின் நேரான பேச்சுக்கு மண்கூடை தூக்கினான். பிறகு அவன் ஆடியதும் பாடியதும் நித்திரை கொண்டதும் அடி வாங்கியதும் உங்களுக்குத் தெரியும். எங்கள் ஊரிலே ஈழத்துச் சிதம்பரத்தில் எழுந்தருளியிருக்கின்ற பெருமானுக்கும் சுந்தரேசர் என்றே திருநாமம். மார்கழித் திருவெம்பாவைக் காலத்திலே அங்கு மணிவாசகரை நினைக்கிறோம். மணிவாசகருக்காகப் பெருகிய வைகையிலே மண் சுமந்தவனைத்தான் திண்ணபுரத்திலே பஞ்சரதத்தில் ஏற்றி இழுக்கிறோம். ஐந்து தேர் என்றால் ஐந்து தேருக்கும் வடம் பிடிக்க ஆள் வேண்டும், ஒவ்வொரு தேரின் சில்லுக்கும் கட்டை போடத் தெரிந்த ஆள் வேண்டும். கட்டை போடுவது விளையாட்டு வேலையன்று. கை ஒரு கணம் தவறினால் சில்லுக்குள் போய்விடும். அதை அறிந்தவர் ஊருக்குச் சிலர்தான். அவர்களுக்குப் பின்னாலே நின்று பழகுகின்ற பெடியன் யார் என்பதுதான் கேள்வி.

இங்கே கணநாதர் எங்களுக்குக் கைகொடுக்கிறார். அவரிடம் வந்தவர்கள் எல்லாரும் ஒரே காரணத்துக்காக வந்திருக்க மாட்டார்கள். ஒருவருக்குச் செடிகொடி என்றால் ஆசை. ஒருவருக்கு எழுத்து அழகு. ஒருவருக்கு இராகத்தோடு வாசிக்கும் குரல். இன்னொருவருக்கு இவை ஒன்றும் இல்லை. விளக்குமாறு பிடிக்கும் கை மட்டும் உண்டு. நாயனார் பூக்கொய்ய வந்தவனை ஏடெழுத வைக்கவில்லை, குரலுள்ளவனைக் குடம் தூக்க வைக்கவில்லை. அவரவர் நாடி வந்த பணியிலேயே அவரவரைத் தேர்ச்சி பெறச் செய்தார். அப்படியானால் அவர் முதலில் வந்தவனுடைய முகத்தைப் பார்த்திருக்கிறார், பேசியிருக்கிறார் என்றுதானே பொருள்?

எங்கள் மடத்துக்கு வருகிறவர்களை ஒருமுறை பாருங்கள். கணவனை இழந்த ஒரு தாய் விடிய வந்து பூவைக் கட்டிக் கொடுத்துவிட்டு ஏழு மணிக்குப் போய்விடுவார். அவருக்கு வீட்டிலே அந்த நேரம் தாங்க முடியாத வெறுமை. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்கு இன்னும் யாருக்காவது ஏதாவது சொல்லிக் கொடுக்க வேண்டும் என்ற ஆசை. அவரிடம் வாளியைக் கொடுத்தால் ஒரு நாள் தூக்குவார், மறுநாள் வரமாட்டார். சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைக்கு, தன்னையும் ஒரு பெரிய ஆளாக நினைத்து ஒரு பொறுப்பைக் கொடுக்கமாட்டார்களா என்ற ஏக்கம். வெளிநாட்டிலிருந்து ஒரு மாத லீவில் வந்தவருக்குத் தாயின் ஊரிலே தன் கையாலும் ஒன்றைச் செய்துவிட்டுப் போகவேண்டும். அவரிடம் நாங்கள் பற்றுச்சீட்டுப் புத்தகத்தைத்தான் நீட்டுகிறோம். காசும் கொடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் ஒரு கிடாரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போனால் அந்தக் கிடாரத்தைத் தன் பிள்ளைகளுக்கு அங்கே போய்ச் சொல்லுவார்.

தண்டியடிகளை நினையுங்கள். பிறவியிலேயே கண்பார்வை இல்லாதவர். திருவாரூர்க் குளத்தைத் தோண்டவேண்டும் என்று விரும்பினார். பார்வையில்லாதவருக்கு எதற்கு மண்வெட்டி வேலை, ஓரமாக இருந்து தேவாரம் பாடட்டும் என்று நாங்கள் சொல்லியிருப்போம். அவர் குளத்துக்குள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நாட்டி, இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டி, அதைத் தடவித் தடவி மண் சுமந்தார். நடக்க முடியாதவருக்கு இருந்து செய்யும் வேலை இருக்கிறது. இலை துடைக்கலாம், தேங்காய் துருவலாம், வெற்றிலை பாக்கு அடுக்கலாம். கயிற்றைக் கட்டிக் கொடுக்கவேண்டியது எங்கள் பொறுப்பு.

இனிமேல் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். ஆளில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தவரைத் திருப்பி அனுப்பும் வழக்கம் எங்களிடம் இருக்கிறது. நான் கண்ணாற் கண்டது ஒன்று. ஒரு கோயில், பெயர் வேண்டாம். அன்னதானத்துக்கு ஒரு பதினாறு வயதுப் பெடியன் வந்து நின்றான். மரக்கறி வெட்டச் சொன்னார்கள். பூசணிக்காயைக் கொஞ்சம் பெரிதாக வெட்டிவிட்டான். பெரியவர் ஒருவர் எல்லாருக்கும் முன்னாலே, "உமக்கு இது தெரியாட்டில் ஏன் வந்தனீர்? வெளியாலை போம்" என்றார். பிள்ளை கத்தியை மெதுவாக வைத்துவிட்டுப் போய்விட்டான். பூசணிக்காய் அவிந்து கறியாகி எல்லாரும் சாப்பிட்டார்கள்; துண்டு பெரிதென்று ஒருவரும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை பிறகு எந்தத் திருவிழாவுக்கும் அந்த மடத்துக்குள் வந்ததை நான் காணவில்லை. அந்தப் பெரியவர் நல்லவர், முப்பது வருடமாக அந்த மடைப்பள்ளியைத் தாங்கியவர். அதுதான் துக்கம். தொண்டு பழையதாகப் பழையதாக அது என்னுடையது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. சிவன் சொத்து குலநாசம் என்று காசுக்கு மட்டும் சொல்லுகிறோம். அகப்பையும் சிவன் சொத்துத்தான்.

இதைவிடப் பெரிய திருப்பி அனுப்புதல் ஒன்று எங்கள் குடாநாட்டிலே உண்டு. 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதன் பிறகும் 1968இல் மாவிட்டபுரத்து வாசலிலே கும்பிட விடுங்கள் என்று மக்கள் நிற்கவேண்டியிருந்தது. அது பழைய கதை என்று சொல்வோம். 2018இல் தென்மராட்சியிலே ஒரு கோயிலில் தேர் வடத்தை மண் அள்ளும் இயந்திரத்திலே கட்டி இழுத்த படத்தைப் பத்திரிகைகளிலே பார்த்தோம். வடம் பிடிக்க ஊரிலே கைகள் இருந்தன. அந்தக் கைகளில் சில வேண்டாத கைகள் என்று நினைத்த காரணத்தால் இயந்திரம் வந்தது என்றே செய்திகள் சொல்லின. அந்தப் படத்தைப் பார்த்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஆதனூரிலே பிறந்த திருநாளைப்போவார் கோயிற் பேரிகைக்குத் தோலும் யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தவர். திருப்புன்கூரிலே குளம் வெட்டியவர். அவர் கொடுத்த தோல் உள்ளே போனது, அவர் வெளியே நின்றார். அவருக்காகப் பெருமான் நந்தியை விலகச் சொன்னான் என்று படித்துவிட்டு, வடத்தை மட்டும் விலக்கிப் பிடிப்போமானால் நாங்கள் எந்தப் பெரியபுராணத்தைப் படித்தோம்? நாகபட்டினத்து அதிபத்தர் பரதவர். திருக்குறிப்புத்தொண்டர் துணி வெளுத்தவர். இவர்களையெல்லாம் கல்லிலே வடித்து வீதியிலே வரிசையாக வைத்துப் பூப்போடுகிறோம். அவர்களுடைய பிள்ளைகள் இன்று மடத்து வாசலில் வந்து, "ஐயா, நானும் ஒரு கை பிடிக்கட்டோ?" என்று கேட்டால் எங்கள் பதில் என்ன? ஆளில்லை என்று முறைப்பட முன்னர் இந்தக் கேள்விக்குச் சபை பதில் சொல்லவேண்டும். நான் சபையிலே ஓர் அங்கத்தவன் என்ற முறையில் எனக்கும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன்.

நாவலர் பெருமானுடைய வழியையும் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். அவர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். கையிலே பெருங்காசு இல்லை. அவர் சனங்களிடம் கேட்டது பிடியரிசி. உலைக்கு அரிசி போடும்போது ஒரு பிடியை எடுத்து வேறாக வையுங்கள் என்பதுதான். இதனுடைய நுட்பம் என்னவென்றால் அது எந்த ஏழை வீட்டுக்கும் எட்டும். ஒவ்வொரு நாளும் நினைவுக்கு வரும். அடுப்படியிலே நிற்கும் பெண்ணின் கையாலே நடக்கும். கூட்டத்துக்கே வராத, வரவிடாத பெண்கள் அந்த வித்தியாசாலையைத் தாங்கினார்கள். பிறகு 1877இல் பஞ்சமும் கொள்ளை நோயும் வந்து சனங்கள் சாகத் தொடங்கியபோது கஞ்சித்தொட்டி வைக்க அவராலே முடிந்தது. முப்பது வருடமாகச் சிறிது சிறிதாகக் கேட்டுப் பழக்கிய ஊர், பெரிதாகக் கேட்டபோது மறுக்கவில்லை. நாங்கள் எடுத்த எடுப்பிலேயே பத்து நாள் திருவிழாவுக்கும் இரவும் பகலும் நில்லுங்கள் என்று கேட்கிறோம். வெள்ளிக்கிழமை காலையில் அரை மணித்தியாலம் வாரும் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அக்கம்பக்கத்தையும் பார்க்கலாம். நயினாதீவிலே அம்மன் திருவிழாக் காலத்திலே அமுதசுரபி மடத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். குறிகட்டுவானிலே படகேறும் சனங்களுக்குள்ளே எத்தனை பேர் மரக்கறி மூட்டையோடு ஏறுகிறார்கள்! அங்கே வந்து அடுப்புக்கு விறகு தள்ளுபவரும் இலை எடுப்பவரும் நயினாதீவார் மட்டுமல்லர். கடலைத் தாண்டி வந்து இலை எடுக்கிறார்கள். நல்லூரிலே இருபத்தைந்து நாளும் சாரணர்களும் முதலுதவிப் படையினரும் நிற்கிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான். அமிர்தசரசிலே சீக்கியர்களுடைய பொற்கோயிலிலே பெரிய உத்தியோகத்தர்களும் செல்வந்தரும் வந்து வாசலிலே மற்றவர்களின் செருப்பைத் துடைத்து அடுக்குகிறார்கள். தமிழ்நாட்டிலே அப்பர் பெருமானின் உழவாரத்தின் பேரிலே மன்றங்கள் அமைத்து, மாதத்துக்கு ஒரு ஞாயிறு ஒரு பழைய கோயிலைத் தேர்ந்தெடுத்துப் புல் செதுக்கிவிட்டு வருகிறார்கள். ஒரு ஞாயிறு, ஒரு கோயில், ஒரு வேலை. அது முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். வேலை எப்போது முடியும் என்று தெரிந்தால் மனிதன் பயப்படாமல் வருவான்.

அப்பர் பெருமான் என்றதும் ஞாபகம் வருகிறது. தன் கடன் என்னவென்று அவர் சொன்ன அந்த வாக்கை நாங்கள் எல்லா அழைப்பிதழிலும் அச்சடிக்கிறோம். ஆனால் அவரைத் தொண்டுக்குக் கொண்டு வந்தவர் யார்? தமக்கையார் திலகவதியார். தம்பி வேறு சமயம் புகுந்து பெரிய பதவியிலே இருந்த காலமெல்லாம் அந்த அம்மையார் திருவதிகைக் கோயிலைக் கூட்டி மெழுகிக்கொண்டே இருந்தார். சூலை நோயோடு தம்பி இரவிலே வந்து காலிலே விழுந்தபோது, எங்கே போயிருந்தாய் இவ்வளவு காலம் என்று கேட்கவில்லை. திருநீறு கொடுத்தார். விடியற்காலையில் தாம் வழக்கம்போலத் திருவலகும் தோண்டியும் சாணமும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டபோது தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார். உழவாரம் ஏந்திய அப்பர் கோயிற் பணிக்குள் நுழைந்தது ஒரு பெண்ணின் விளக்குமாற்றுக்குப் பின்னால். இங்கே இருக்கின்ற தாய்மாரிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை நீங்கள் மாலை கட்ட வரும்போது பேரப்பிள்ளையைத் தொலைபேசியோடு வீட்டில் விட்டுவிட்டு வரவேண்டாம். கூட்டிக்கொண்டு வாருங்கள். முதல் நாள் நாரைப் பிடிக்கட்டும். பூவைச் சிந்தினால் சிந்தட்டும்.

இப்படிப் பிள்ளைகளைப் பிடித்ததற்கு எங்கள் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. மணிவாசகர் சபை திருவாசகம் ஓதும் போட்டியும் பேச்சுப் போட்டியும் வைத்துப் பிள்ளைகளை மேடையேற்றியது. அமரர் கலாநிதி க. வைத்தீசுவரக் குருக்கள் ஐயா அதைத் தம் உயிர்போல நடத்தினார். பரிசுக்காகப் பாடமாக்கிய பிள்ளைகள்தான் பிறகு கோயில்களிலே பாடினார்கள், பயன் சொன்னார்கள். ஒரு கரண்டிப் பரிசைப் பெறுவதற்காகத் திருவெம்பாவையைப் பாடமாக்கி, அதை மரணம் வரைக்கும் மறக்காதவர்கள் உண்டு. வந்த காரணம் சிறிதாக இருந்தால் என்ன? கணநாதரிடம் வந்தவர்கள் எல்லாரும் ஞானம் தேடியா வந்தார்கள்? நாயனார் காரணம் விசாரிக்கவில்லை, பணியைக் கொடுத்தார். பணி ஆசையை வளர்த்தது.

வேண்டிய குறையெல்லாம் முடித்துக் கொடுத்தார் என்று சொன்னேன் அல்லவா? இதைப் பலரும் விட்டுவிட்டு வாசிக்கிறோம். பூக்கொய்ய வந்தவனுக்குக் குடலை வேண்டும். ஏடெழுத வந்தவனுக்கு எழுத்தாணி வேண்டும். எங்கள் வீதி கூட்ட வருகிறவருக்கு ஒரு நல்ல தும்புத்தடியும் கடகமும் இருக்கிறதா? விடிய ஐந்து மணிக்கு வந்த பிள்ளைக்கு ஒரு பிளேன்ரீ யாராவது கொடுக்கிறோமா? இரவு சுவாமி வந்து சேர்ந்தபின் பத்து மணிக்கு ஒரு பெண்பிள்ளை வீட்டுக்குப் போகவேண்டுமானால் யார் கூட்டிக்கொண்டு போவது? நல்ல தண்ணீருக்குத் தவிக்கும் ஊர் எங்கள் ஊர். தண்ணீர்ப்பந்தலிலே சக்கரைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பவருக்கே பவுசர் வராமல் தண்ணீரில்லாத நாள் இருந்திருக்கிறது. உபயகாரரின் பெயரை மூன்றுமுறை ஒலிபெருக்கியிலே சொல்லுகிறோம். அந்த வெயிலிலே நின்றவருக்கு, "தம்பி, இனி நீர் போய் இரும், நான் பிடிக்கிறன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அது எந்தப் பொன்னாடைக்கும் மேல். தொண்டரும் களைப்பார், நோய்ப்படுவார், பிள்ளையின் ரியூசனுக்குப் போகவேண்டியிருக்கும். ஒரு வருடம் வராமல் விட்டவரை அடுத்த வருடம் வாசலிலே கண்டால் குத்திக்காட்டாமல் உள்ளே விடவேண்டும்.

புராணபடனத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடமாட்டேன், அது என் சொந்தக் கவலை. முன்பு இந்த மடத்திலே கந்தபுராணம் படிக்கத் தொடங்கினால் வாசிப்பதற்கும் பயன் சொல்வதற்கும் ஆள் மாறி ஆள் இருப்பார்கள். இன்று வாசிப்பவர் ஒருவர், பயன் சொல்வது நான் ஒருவன். எங்களில் ஒருவருக்குத் தடிமன் வந்தால் அன்றைக்குப் புராணம் இல்லை. யார் பிழை? எங்களுடைய பிழைதான். பிள்ளைகள் பிழையாகச் சீர் பிரிப்பார்கள் என்று புத்தகத்தைக் கொடுக்காமல் வைத்திருந்தோம். நான் பதினான்கு வயதிலே என் குருநாதருக்குப் பக்கத்திலே இருந்து முதல் பாட்டை வாசித்தபோது மூன்று இடத்திலே பிழை விட்டேன். அவர் நிறுத்தவில்லை. முடிந்தபின் வீட்டுக்குப் போகும் வழியில்தான் சொன்னார். அந்தப் பொறுமை எனக்கு வரவில்லை என்பதை இந்தச் சபையிலே ஒப்புக்கொள்கிறேன்.

ஆகையால் இன்றைக்கு ஒலிபெருக்கியிலே தொண்டர் கேட்கப்போவதில்லை. மடத்து வாசலிலே மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். அது பெயர் எழுதுவதற்கன்று. எங்களுக்கு என்ன வேலை இருக்கிறது, எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும், அதைப் பழக்குபவர் யார் என்று மட்டும் எழுதியிருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை 5.30இலிருந்து 6.15 வரை பூக்கொய்ய இரண்டு பேர். ஞாயிறு 4 மணிக்கு வீதி கூட்ட நாலு பேர், தும்புத்தடி கோயிலில் உண்டு. அன்னதான நாளில் இருந்தபடி தேங்காய் துருவ மூன்று பேர், கதிரை உண்டு. தேர்ச் சில்லுக்குக் கட்டை போடப் பழக ஒரு பெடியன், கோடையிலே சகடையில் முதலில் பழக்கப்படும். புராணம் வாசிக்க இரண்டு பிள்ளைகள், பெண்பிள்ளையானாலும் சரி. எந்தக் குறிச்சியாரும் எந்த வீட்டாரும் வரலாம் என்பதைச் சபை தீர்மானித்து முதற் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. கொப்பியைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களிடம் நாங்கள் ஒவ்வொருவராக வீட்டுக்கு வந்து கேட்போம்.

பூக்கொய்யப் பழக்குகிற அம்மா அதோ கடைசித் தூணுக்குப் பக்கத்திலே இருக்கிறார். அம்மா, ஒருக்கால் கையைக் காட்டுங்கோ. பிள்ளைகளுக்கு உங்களைத் தெரியவேண்டும்.

திருச்சிற்றம்பலம்.